மருமகனின் குடும்பப் பெயர்

என் மகள் கட்டிக்கொள்ள இருந்த ஜெர்மன்காரருக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டு. அவர்கள் நாட்டிலேயே அது அபூர்வமாம். நமக்கெல்லாம் அப்பா பெயரோடு சரி. என்ன அர்த்தம் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து மகளிடம் கேட்டேன்.

"செத்த மாடு, குதிரையெல்லாம் இழுத்துட்டுப் போய் தோல் உரிக்கிறவங்கம்மா. இங்கிலீஷ்ல ஸ்கின்னர்னு சொல்லலாம். ஆனா பாதி அர்த்தம்தான் வரும். அந்தக் காலத்துல இவங்களை யாரும் பக்கத்துலயே சேர்க்க மாட்டாங்களாம்."

"மாமாகிட்ட சொல்லிடாதே," என்றேன். வேறு எதுவுமே எனக்குத் தோன்றவில்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

மாமா என்றால் கிள்ளானில் இருக்கும் என் அண்ணன். என் கணவர் போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவரைக் கேட்டுத்தான். மாப்பிள்ளை மேருவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வெள்ளைக்காரர் என்றதும் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட அழைத்து வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாழை இலை போட்டு அண்ணி பரிமாறினார். மாப்பிள்ளை கையாலேயே பிசைந்து சாப்பிட்டதில் அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ரசம் வரும்போதுதான் கேட்டார், என்னைப் பார்த்து, தமிழில்:

"அந்தப் பேருக்கு என்னம்மா அர்த்தம்? என்ன குடும்பம்?"

ஊர்ப் பெயரா என்று அவர் கேட்கவில்லை. எந்தக் குடும்பம் என்றும் கேட்கவில்லை. என்ன குடும்பம் என்றுதான் கேட்டார். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"லெதர் பிசினஸ்ண்ணே," என்றேன். "பரம்பரையா."

லெதர் பிசினஸ் என்ற இரண்டு சொல் மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். "நோ, நோ ஆன்டி, பிசினஸெல்லாம் இல்லை," என்று ஆங்கிலத்தில் தொடங்கி, முழுவதையும் சொன்னார். செத்த மிருகங்களைத் தோலுரித்தவர்கள். தேவாலயத்தில்கூட அவர்களுக்குத் தனி பெஞ்சு. ஊருக்கு வெளியே வீடு. அவர் தாத்தா பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றபோது தாத்தாவின் அப்பா ஒப்பவில்லையாம். ஊர்க்கதை சொல்வதுபோல, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அண்ணி ரசக் கரண்டியோடு நின்றார். அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். இன்னும் மோர் வரவில்லை.

கிளம்பும்போது கேட் பக்கத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார். "நாளைக்கு பொறக்குற பிள்ளைக்கும் அதே பேருதானா?"

"அவங்க நாட்டுல இப்ப அதெல்லாம் யாரும் பாக்கறதில்லைண்ணே. அவங்க அப்பா டீச்சர்லா," என்றேன்.

மகள் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையை மேருவில் இறக்கிவிட்ட பிறகு, கார் ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா டீச்சர்னு சொன்னீங்க. தோல் உரிச்சா என்னண்ணேன்னு கேக்கலையேம்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகம் காதுவரை சுட்டது. பெரிய படிப்பெல்லாம் படிக்க வைத்த பிள்ளை, என்னை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள் என்று தெரிந்தது.

அழைப்பிதழில் குடும்பப் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணன் போன் செய்தார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். "பிள்ளைங்களே முடிவு பண்ணிட்டாங்கண்ணே, நான் என்ன செய்ய," என்று மகள்மேல் தள்ளிவிட்டேன். பெயர் முழுசாகவே அச்சானது. அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார், சாப்பிடாமல் போனார். பந்தியில் அவரைத் தேடின மாப்பிள்ளையிடம், மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் நானேதான் சொன்னேன்.

இப்போது மாப்பிள்ளை என்னை அம்மா என்கிறார். போன மாதம் தன் தாயிடம் வீடியோ காலில் பேசும்போது என்னை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "அம்மாவுக்கு ஸ்கின்னர் என்ற வார்த்தை அன்றைக்குத் தெரியவில்லை. பாவம், லெதர் பிசினஸ் என்று சமாளித்தார்."

அந்த அம்மாள் அன்பாகச் சிரித்தார். என் மகள் சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் சிரித்தேன். "ஆமாம்," என்றேன், "என் இங்கிலீஷ் கொஞ்சம் மோசம்தான்."