டேப் இழுத்த இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் திரையிசைக் கச்சேரி. மகள் பாஸ் வாங்கி வந்திருந்தாள். இசையமைப்பாளரே மேடையில் நின்று நடத்தினார். ஒரு பாட்டு முடிந்ததும் பாடகர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அதன் இடையிசையை வயலின்களில் மட்டும் திரும்ப வாசிக்க வைத்தார். இருபது வயலின்களும் ஒன்றாக ஏறிப் போய், கடைசிச் சுரத்தில் அசையாமல் நின்றன. மொத்தக் கூட்டமும் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

அந்தச் சுரத்தில் ஒரு குழைவு உண்டு என்று அடித்துச் சொன்னவன் நான். உங்களுக்குச் சிரிப்பு வரும், ஒரு காலத்தில் நான் மெல்லிசைக் குழு நடத்தினேன். கருவடிக்குப்பத்தில் வாடகை அறை, ஆறு பேர், ஒரு டேப் ரெக்கார்டர். எங்களுக்கு யார் நோட்ஸ் தருவார்கள்? காசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கேட்டதை அப்படியே வாசிப்போம். தேய்ந்த காசெட்டில் அந்த இடம் லேசாகக் கீழே வழுக்கி மேலே ஏறும். மேதைக்குத்தான் இப்படித் தோன்றும் என்று நான் கண் கலங்கியதெல்லாம் உண்டு.

காதர்தான் வயலின். மில் ஷிப்ட் முடிந்து, பஞ்சும் எண்ணெயும் கலந்த வாசனையோடு ஒத்திகைக்கு வருவான். "இது டேப்பு இழுக்குதுண்ணா. வேற காசெட்ல கேட்டுப் பாப்போம்" என்றான். குழுத்தலைவரான எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காது சரியில்லாதவனுக்கு இங்கே வேலையில்லை என்று மற்ற நால்வர் எதிரிலும் சொன்னேன். அவன் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஒரே வாரத்தில் டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டேன். வழுக்கல் கிடையாது. அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் புது ஆளைச் சேர்த்து, வழுக்கலையும் பழக்கிவிட்டிருந்தேன். கோயில் திருவிழாக்களில் அந்தப் பிழைக்குக் கைதட்டல்கூட வாங்கினோம். அப்புறம் எங்கே அந்தப் பாட்டு கேட்டாலும் எழுந்து போய்விடுவேன். கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். அயோக்கியத்தனம்தான் அது.

திங்கட்கிழமை தவளக்குப்பம் போனேன். காதர், தன் மகனுடைய ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். நீ சொன்னதுதான் சரி, எனக்கு அப்போதே தெரியும் என்றேன். அவன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத அந்த நாலு பேர் எதிர்ல சொல்லியிருக்கணும்ணா. காது சரியில்லன்னு ஊரெல்லாம் பேச்சாயிடுச்சி. அப்புறம் எந்தக் குழுலயும் என்னச் சேத்துக்கல."

டீ வரவழைத்துக் கொடுத்தான். குடித்தேன்.

திரும்பும் வழியில் அந்த நால்வரையும் எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாட்டுப் பாடிய அம்மாள் பிரான்சில் மகளோடு இருக்கிறார், இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். காதருக்குக் காது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல நான் இருக்கிறேன். கேட்க வேண்டியவர்களில் ஒருவர்கூட இல்லை.