பாலக்கோட்டுப் பக்கம் ஓர் ஏரியும் என் வயிற்றெரிச்சலும்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி ஞாயிறு, அண்ணனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். அப்பாவுக்குக் கால் முடியாததால் நாங்கள் இருவர் மட்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் கல்யாணப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

தொப்பூரில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. தருமபுரியில் மாறி, பாலக்கோட்டில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடை. செலவு இருவருக்கும் பத்து ரூபாய்க்குள்தான்.

அந்த ஊர் ஏரிக்கரை ஏறியதும் எனக்கு வயிறு எரிந்தது. முக்கால் ஏரி தண்ணீர்! அதே மழைதானே எங்களுக்கும் பெய்தது? சுகமாக ஊறிக்கிடந்த எருமைகளைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரத்துக் கால்வாயில் ஊரே மண் வெட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

"கொஞ்சம் குந்துங்க. வூட்டுக்கு ஒராளு வரணும், வராட்டி மதகுத் தண்ணி கெடையாது. அதா, கூடை தூக்கறாரே, அவருதான் எங்க தலைவரு. அவருக்கும் அதேதாங்க."

தலைவர் தலையில் மண் கூடை! எங்கள் ஊரில் தலைவருக்குக் குடை பிடிக்கவே தனி ஆள் உண்டு.

வேலை முடித்து வந்த பெண்ணின் அப்பா கேட்டார். "உங்க ஊரு ஏரி ரொம்பிருச்சுங்களா?"

அண்ணனுக்குப் பொய் வராது. "இல்லீங்க. தலைவரு ஏரிக்குள்ள கடலை போட்டிருக்காரு. தண்ணி ஏறுனா செடி அழுவிரும்னு மதகைத் தொறந்து உட்டுருவாரு."

"யாரும் கேக்கலீங்களா?"

"நமக்கெதுக்கு வம்புன்னு..."

அவர் கால் சேற்றைக் கழுவினார். பிறகு, "தப்பா நெனைக்காதீங்க தம்பி. தண்ணி இல்லாத ஊருக்குக்கூடப் பொண்ணு குடுத்துருவேன். கேக்க ஆளில்லாத ஊருக்கு எப்படிங்க குடுக்கறது?" என்றார். வயிறு நிறையச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். பெண்ணை நாங்கள் பார்க்கவே இல்லை.

மாலையில் எங்கள் ஊர் டீக்கடைக்குத் தலைவர் வந்தார். பழக்கதோஷம், இருவரும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றோம்.

"பொண்ணு என்னடா ஆச்சு?"

"ஜாதகம் சேரலீங்க" என்றான் பொய் வராத என் அண்ணன்.

"அடுத்த தடவ நல்லா தண்ணி இருக்கற ஊராப் பாருடா."

"சரிங்க" என்றோம், இருவரும் சேர்ந்தே.

அண்ணன் பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று இருந்த ஊர், வீடு வீடாக அவன் பின்னாலேயே போனது. காய்ந்த காடு கழனிகளைத் தலைவர் வீட்டில் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பாலக்கோட்டு ஏரியை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று திட்டுகிறேன். வாய்க்கவில்லை, மண் சுமந்தார்கள் என்பதும் தெரிகிறது. அது இன்னும் எரிகிறது.

போகிறவர்கள் ஆவணி, புரட்டாசியில் போங்கள். பாலக்கோட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கரையில் கடை கிடையாது. கூடையோடு யார் வந்தாலும் வழிவிடுங்கள். எங்கள் ஊருக்கு வருவதானால் 'ஏரிக்கரை' என்று சொல்லிச் சீட்டு வாங்குங்கள், நடத்துநர் சரியாக இறக்கிவிடுவார். இறங்கியதும் ஏரி எங்கே என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். நாங்களே கேட்டதில்லை.