டாம்சனின் கழுத்து

கையில் பயம் இருந்தால் பால் இறங்காது என்பது ரோசன்னா யெல்லண்டுக்குத் தெரியும். இயந்திரத்தை மாட்டுவதற்கு முன் மடியைத் துடைக்கிற அந்த நொடியிலேயே பசு கண்டுபிடித்துவிடும். காலை மாற்றி மாற்றி வைக்கும். பாலை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கணவன் டென்சிலை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் அவள்தான் கறந்தாள். அன்றுகூடப் பால் இறங்கியது. டிபி சோதனை வாரங்களில் மட்டும் இறங்காது.

செவ்வாய்க்கிழமை ஊசி. ஒவ்வொரு பசுவின் கழுத்திலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு இடத்தில் முடியை மழிப்பார்கள். மேலே போடுவது மாட்டைக் கெடுக்காத பறவைக் காசநோய்க்கான சோதனை மருந்து, கீழே போடுவது மாட்டுக் காசநோய்க்கானது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து வீக்கத்தை அளப்பார்கள். மேல் வீக்கத்தைவிடக் கீழ் வீக்கம் மிஞ்சினால் அந்தப் பசுவுக்கு அவ்வளவுதான். இடைப்பட்ட நாட்களில் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்று ரோசன்னா தனக்கே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். தொட்டால் ஒன்றும் மாறப்போவதில்லை, தூக்கம்தான் போகும்.

டென்சில் போன அடுத்த வருடம் குவின்ஸ் என்ற பசு சோதனையில் தேறவில்லை. அது நிறைசினை. அந்த நிலையில் லாரியில் ஏற்றக் கூடாது என்பதால் முற்றத்திலேயே சுட்டார்கள். பசு விழுந்த பிறகும் வயிறு கொஞ்ச நேரம் உள்ளிருந்து அசைந்துகொண்டிருந்தது. சுட வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அசைவு நின்ற பிறகு ரோசன்னா குழாயைத் திறந்து முற்றத்தைக் கழுவினாள்.

குவின்ஸின் மகள்தான் டாம்சன். இந்த இலையுதிர் காலத்தில் அதுவும் நிறைசினை.

பண்ணையின் கீழ்க்கோடியில் ஹேசல் மரத் தோப்பு. அதன் மேட்டில் பேட்ஜர்கள் தலைமுறை தலைமுறையாக வளை தோண்டி வாழ்ந்துவந்தன. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, குட்டைக்கால் பிராணிகள். மாட்டுக்கு நோயைக் கொண்டு வருவது அவைதான் என்று சுற்றுவட்டாரமே சொன்னது. அரசாங்க அனுமதியோடு ஒவ்வொரு பண்ணையாகக் கூண்டு வைத்துச் சுட்டார்கள். ரோசன்னா மட்டும் சம்மதிக்கவில்லை. கிராம மண்டபத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது எழுந்து நின்றே சொன்னாள்.

"குவின்ஸ் போனப்பவும் இதே வளைதான், இதே பேட்ஜருங்கதான். அதுக்கப்புறம் என் மந்தை சோதனையில ஒரு தடவைகூடத் தவறல. அப்போ இதுங்க சுத்தமானதுங்கன்னுதானே அர்த்தம்? இதுங்க இருக்கிறவரைக்கும் வெளியூர்ச் சீக்குப் பேட்ஜர் எதையும் எல்லைக்குள்ள விடாது. கொன்னுட்டா காலி வளைக்கு எது வந்து குடியேறும்னு யாருக்குத் தெரியும்?"

"பேட்ஜர் மகாராணி சொல்லிட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா!" என்றான் கிளெம் டாப்ஸ்காட். மண்டபமே சிரித்தது. அவன் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"உன் கிடேரிங்க என் வேலிமேல மூக்கை நீட்டி என் மாட்டை மோந்துக்கிட்டு நிக்குதே, முதல்ல அதைப் பாருடா. அதையும் பேட்ஜரா சொல்லிக் குடுத்துச்சு?"

இந்தத் தடவை மண்டபம் அவளுக்காகச் சிரித்தது.

இந்தக் கோடையில் கிளெமின் மந்தையில் பாதி சோதனையில் தவறிப் போனது. லாரி வந்த அன்று அவன் தெருவில் யாரிடமும் பேசவில்லை. வேலியை ஒட்டிய பண்ணை என்பதால் ரோசன்னாவின் மாடுகளையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

செவ்வாயன்று நூரியா வந்து ஊசி போட்டாள். ஸ்பெயினிலிருந்து வந்த கால்நடை மருத்துவர், சிறு பெண்தான். டாம்சன் இரும்புச் சட்டத்துக்குள் நின்றபோது நூரியா அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எப்போ?" என்று கேட்டாள்.

"மாசக் கடைசி."

நூரியா தலையசைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

புதன்கிழமை பால் பாதிதான் இறங்கியது. வியாழக்கிழமை காலை டாம்சனுக்கு வைக்கோல் போட உள்ளே போனவள், ஈயை விரட்டுவதுபோலக் கழுத்தில் கை வைத்தாள். தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. கீழே மழித்திருந்த இடத்தில் விரல் நின்றது. தோலுக்கடியில் கெட்டியாக, அக்ரூட் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். டாம்சன் திரும்பிப் பார்த்து வைக்கோலை மென்றது. அதன் விலாவில் கன்று ஒரு முறை உதைத்து அடங்கியது. அன்று கழுவிய முற்றமும் குழாயிலிருந்து விழுந்த தண்ணீரும் அதன் நிறமும் ரோசன்னாவின் கண்முன்னால் வந்து நின்றன. எப்போது வாசலைத் தாண்டினாள் என்றே தெரியவில்லை. பூட்ஸைக்கூடக் கழுவாமல் வயலுக்குக் குறுக்கே நடந்து கிளெமின் சமையலறைக் கதவைத் தட்டினாள்.

கிளெம் கையில் தேநீர்க் கோப்பையோடு திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"எது?" என்றான்.

"டாம்சன்."

"ஐயோ. வா, உள்ளே வந்து உட்காரு புள்ள."

"உட்கார வரல. தோப்புல கூண்டு வச்சுக்கோங்க. எல்லாத்தையும் எடுத்துருங்க. நான் தடுக்க மாட்டேன்."

கிளெம் அவளையே பார்த்தான். "நிஜமாத்தான் சொல்றியா? மண்டபத்துல அவ்வளவு பேசினியே."

"பேசினேன். இப்ப கையால தொட்டுட்டேன்."

அன்று மாலையே ஆட்கள் வந்தார்கள். வளைக்குப் போகும் தடத்தில் கம்பிக் கூண்டுகளைப் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நிலக்கடலையைப் போட்டு மேலே கல்லை வைத்தார்கள். கதவுகளைக் கயிற்றால் திறந்தபடியே கட்டிவிட்டார்கள். சில நாள் பயமில்லாமல் வந்து தின்று பழகட்டும், அதன்பின் கயிற்றை அவிழ்ப்பது என்பது அவர்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை நூரியா வீக்கத்தை அளக்கும் காலிப்பரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பசுவாக அளந்தாள். டாம்சனின் முறை வந்ததும் ரோசன்னா சட்டத்தின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். நூரியா கீழே அளந்தாள். முகம் சுருங்கியது. மேலே அளந்தாள். மறுபடி மேலே.

"சொல்லிரும்மா."

"கீழே வீங்கியிருக்கு, மிஸஸ் யெல்லண்ட். ஆனா மேலே அதைவிடப் பெருசா வீங்கியிருக்கு. பறவைக் கிருமிதான். டாம்சன் தேறிடுச்சு. எல்லாமே தேறிடுச்சு."

ரோசன்னா புரியாதவள்போல நின்றாள்.

"நீங்க தொட்டுப் பார்த்தீங்களா?"

"கீழே மட்டும்."

"மேலே பார்க்கலையா?"

ரோசன்னா இரும்புக் குழாயிலிருந்து கையை எடுத்தாள். முப்பது வருடமாக மாடு வளர்ப்பவள். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். ஒரு சாண் மேலே கையை நகர்த்தும் தைரியம்தான் நேற்று அவளுக்கு வரவில்லை.

நூரியாவின் கார் போனதும் மறுபடி வயலைக் கடந்தாள். கிளெம் காலி கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

"தேறிடுச்சாமே. நூரியா காரை நிறுத்திச் சொல்லிட்டுப் போனா" என்றான். குரலில் பொறாமை இல்லை. களைப்புதான் இருந்தது. "மகாராணி கூண்டை எடுக்கச் சொல்ல வந்திருக்காங்க, சரியா?"

"எடுக்க முடியுமா?"

"கதவெல்லாம் இன்னும் கட்டித்தான் இருக்கு. திங்கக்கிழமைதான் அவிழ்ப்பாங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே நானே போய்த் தூக்கிட்டு வந்துடறேன். சத்தியமா. உன்மேல கோபமும் இல்ல." அவன் கத்தியைத் தொடையில் துடைத்தான். "ஆனா ஒண்ணு. அடுத்த சோதனை வரும். அப்போ டாம்சன் பக்கத்துல அதோட கன்னும் நிக்கும். உன் பேட்ஜருங்க சுத்தம்னு உனக்கு எப்படித் தெரியும் ரோசன்னா? கையால தொட்டுப் பார்த்தியா?"

மண்டபத்தில் சொன்ன வாசகங்கள் எல்லாம் அவள் நினைவில் வரிசையாக இருந்தன. ஆனால் விரல் நுனியில் அந்தக் கட்டி இன்னும் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை மாலை தோப்புக்குப் போய்ப் பார்த்தாள். கற்கள் புரண்டு கிடந்தன, கடலை ஒன்று மிச்சமில்லை. ஈரமண்ணில் அகலமான பாதத் தடங்கள், அவற்றின் நடுவே குட்டிகளின் சின்னத் தடங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிளெம் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே வரும்போது அவள் சொல்லட்டும் என்று வாசலில் நின்று பார்த்தான். அவள் மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்து சற்று நேரத்தில் தோப்புப் பக்கமிருந்து முதல் வெடி கேட்டது. ரோசன்னா கறவைக் கொட்டகையில் ஒரு பசுவின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்; பால் வற்றிய டாம்சன் பக்கத்துத் தடுப்பில் நின்றது. பசுக்களுக்காகப் பாடிக்கொண்டிருந்த வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். அதற்கு மேலாக இன்னொன்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மற்றொன்று.

தடுப்புக்கு மேலாக டாம்சனின் கழுத்தில் கையை வைத்தாள். கீழே கட்டி பாதியாக வடிந்திருந்தது. கையை மேலே கொண்டுபோனாள். அங்கும் அப்படித்தான். மழித்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்து பசுவுக்கு இயந்திரத்தை மாட்டினாள். அது காலை மாற்றி வைத்தது, மறுபடி மாற்றியது. கண்ணாடிக் குழாயில் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.