அத்தா நலமா என்பதற்கு நான்கு சாட்சிகள்

கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லித் தருகிறேன். மாலை ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பாதித் தூக்கம் வந்துவிடும். அந்தப் பாதித் தூக்கத்தில் சில மாதங்களாக ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா இறந்த பிறகு சிட்லபாக்கம் வீட்டில் தனியாக இருக்கும் அத்தா, அதாவது என் தந்தை, நன்றாக இருக்கிறாரா, இல்லையா? மேடவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தோம். கூப்பிடும்போதெல்லாம் "எனக்கென்னம்மா குறை" என்று தட்டிக் கழித்தார்.

ஒருவரின் மனநிலையை அறிய எங்கள் துறையில் நான்கு வழி உண்டு. ஆளையே கேட்கலாம், சுற்றி இருப்பவரைக் கேட்கலாம், அன்றாட வாழ்க்கை விட்டுச்செல்லும் தடயங்களைப் பார்க்கலாம், அல்லது அவர் நடந்துகொள்வதை நேரடியாகக் கவனிக்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொல்லித் தருகிற நான் அத்தா விஷயத்தில் திருதிருவென்று முழித்தேன்.

ஆளைக் கேட்பதுதான் சுலபம். உள்ளே இருப்பது அவருக்குத்தானே தெரியும்? ஆனால் அத்தாவிடம் எதைக் கேட்டாலும் பதில் "அல்ஹம்துலில்லாஹ்", எல்லாப் புகழும் இறைவனுக்கே. காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போதும் அதேதான். குறை சொன்னால் படைத்தவனுக்கு நன்றி மறந்ததாகிவிடும் என்று வளர்ந்தவர். தனிமையை அளக்கும் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் பாஸாகிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

எதிர்வீட்டு அக்காவைக் கேட்டேன். "பாய்க்கு இன்னா? எப்பப் பாரு போன்ல சிரிச்சிப் பேசிகினு கீறாரு. சொந்தக்காரங்க ஜாஸ்தி போல," என்றார். அக்காவுக்குத் தெரிந்தது வாசல் வரைதான். கேஸ் சிலிண்டர் வேறு முன்பைவிட நிறைய நாள் வந்தது. பொய் சொல்லாத தடயம்தான். ஆனால் அவர் சமைப்பதே இல்லையா, ஒருவருக்குச் சமைத்தால் அவ்வளவுதான் செலவாகுமா என்று சிலிண்டரிடம் கேட்க முடியாது.

மிச்சம் இருந்தது நேரடியாகக் கவனிப்பது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அவ்வப்போது அரை நிமிடம் சுற்றியுள்ள பேச்சையும் சத்தத்தையும் பதிவு செய்யும் கருவி ஒன்று எங்கள் துறையில் இருந்தது. "சோதனைக்குப் போட்டுக்கிறீங்களா அத்தா?" என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த பதிவை ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். வண்டலூர் போனதே தெரியவில்லை. அத்தா வீட்டு மின்விசிறி என் தலைக்கு மேல் சுற்றியது. பள்ளிவாசல் பாங்கு ஒலித்தது. ஏரிப்பக்கம் ஏதோ பறவை கத்தியது. செருப்புச் சத்தம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்த் திரும்பியது. பெருங்களத்தூரில் ஏறியவர்களும் அந்த வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. எழுந்துகொள்ள மனமில்லாத சுகம். அப்போது அத்தாவின் குரல் வந்தது.

"லோன் வேணாம்மா. வட்டி எங்களுக்கு ஆகாது. அதை விடு, நீ சாப்டியா?"

அடுத்த பதிவில் வேறொரு பெண்ணிடம், அவள் ஊரில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வட்டிப் பக்கமே போகாத மனிதர், கடன் விற்கக் கூப்பிடுகிறவர்களோடு நாளெல்லாம் பேசியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த பதிவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ கேட்டியேன்னு சொல்றேன். பகல் போயிடுது. பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகைக்கு அப்புறம் வீடு ரொம்பப் பெருசா ஆயிடுதும்மா. என் பொண்ணுகிட்ட சொல்ல முடியுமா? வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா."

ஆளைக் கேட்பது தவறான வழியில்லை. கேட்டது மகள், அதுதான் சிக்கல். முகம் தெரியாத ஒருத்தி கேட்டதும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அவள்மேல் பொறாமையாகவும் இருந்தது.

இந்தக் கருவியைப் போட்டுக்கொள்பவர் முதலில் தானே எல்லாவற்றையும் கேட்டு, வேண்டாததை அழித்துவிட்டுக் கொடுக்கலாம். அது அவர் உரிமை. அத்தாவும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், சிலவற்றை அழித்தும் இருக்கிறார்; பதிவு எண்களில் இடைவெளி இருந்தது. இதை விட்டுவைத்திருந்தார்.

தாம்பரத்தில் இறங்கி நடைமேடையிலேயே நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"சார், லோன் வேணுமா?"

அந்தப் பக்கம் அத்தா மெல்லச் சிரித்தார். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன் அத்தா."

நடைமேடைக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்கியே, அந்த ரூம்ல காத்து வருமாம்மா?" என்றார்.