இறுக்காத போல்ட்

சாசக் நகரில் எங்கள் தெருவில் ஜிவாதினைப் போல நிதானமானவர் கிடையாது. ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், பின்பக்கம் எஞ்சின் உள்ள தன் பழைய ஃபிச்சா காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். இரண்டு குளிர்காலம் அவர் மனைவி ஸ்தாமென்காவின் அலமாரியில் வால்வுகளும் ஊறுகாய் ஜாடிகளும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின. வசந்தத்தில் எஞ்சின் மறுபிறவி எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மிலுங்காவுக்குக் கல்யாணம். குன்றின் மேலுள்ள தேவாலயத்துக்கு மணப்பெண்ணை இந்தக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று தெருவறியச் சொல்லிவிட்டார். சம்பந்தியோ ஒரு கறுப்பு ஜெர்மன் காரைத் தயாராக வைத்திருந்தார். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அந்தச் 'சும்மா'தான் ஜிவாதினைத் தூங்கவிடவில்லை.

காலையில் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, தீப்பொறி சரியான கணத்தில் விழும்படி டைமிங் வைப்பார். எஞ்சின் தையல் மெஷின் போல ஓடும். மாலையில் குன்றேறினால் ஒருநாள் கடகடவென்று தட்டும்: பொறி முந்திவிட்டது. இன்னொரு நாள் இரைத்துக்கொண்டு, புகைக்குழாயில் பட்டாசு வெடிக்கும்: பிந்திவிட்டது. கார்புரேட்டரைச் சந்தேகித்தார். பெட்ரோலைச் சந்தேகித்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்பிரிங்குகளை மாற்றினார். தினமும் வந்து யோசனை சொன்ன அண்டை வீட்டாருக்கு ரக்கியா என்னும் பழச்சாராயம் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை டைமிங் வைத்தபின் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு கீறினார். மாலையில் வண்டியை எடுக்குமுன் பார்த்தால், கோடு இரண்டு துண்டாகி, ஆளுக்கொரு பக்கம் நின்றது.

"அதிர்வுல நகருது போல."

"நின்ன வண்டிக்கு என்னங்க அதிர்வு?" ஸ்தாமென்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மத்தியானம் நீங்க தூங்குறப்ப மருந்துக்கடை மொமிர் வந்து திருப்பிட்டுப் போனாரு. அப்புறம் ரொட்டிக்கடைக்காரரு. அவரு எதிர்ப்பக்கம் திருப்பினாரு."

"ஏன் சொல்லல?"

"டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இறுக்காம வெச்சிருந்தீங்க. பொதுச் சொத்துன்னு நெனச்சேன்."

டைமிங் அப்பழுக்கில்லாமல் அமையும்வரை போல்ட்டை இறுக்குவதில்லை என்பது ஜிவாதினின் கொள்கை. ஒரு கையில் ரக்கியா கொடுத்தால் மறுகையை எஞ்சினுக்குள் விடுவது எங்கள் தெருவின் மரியாதை. இரண்டும் உயர்ந்தவைதான்.

மொமிரைக் கேட்டதற்கு அவர் மனம் நொந்துபோனார். "ஒரு நூல்தானேப்பா திருப்பினேன்."

"ஒரு நூல்னா எவ்வளவு?"

"அது எஞ்சினோட சத்தத்தைப் பொறுத்தது."

"எஞ்சின் ஓடவே இல்லையே."

"அதனாலதான் ஒரு நூலோட விட்டேன்."

சனிக்கிழமை கடைசியாக டைமிங் வைத்து, போல்ட்டை இறுக்கினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் கலக்கம் அவர் முகத்தில் ஒரு நாள் முன்னதாகவே தெரிந்தது.

ஞாயிறன்று ஃபிச்சா குன்றேறியது. தட்டவில்லை, வெடிக்கவில்லை. கறுப்புக் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. தேவாலய வாசலில் பாதிரியார் காரைச் சுற்றி வந்தார், பின்மூடியைத் திறந்தார், காது கொடுத்தார், அங்கியின் கையைச் சுருட்டினார்.

"கொஞ்சம் முந்தின மாதிரி இருக்கே, ஜிவாதின். ஸ்பேனர் இருக்கா?"

மொமிர் தன் கல்யாணக் கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

மிலுங்கா இறங்கி வந்தாள். மூடியைச் சாத்தி, வெள்ளைக் கவுனோடு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"சாமி, கல்யாணத்தை இங்கயே வெச்சுக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மூடி நன்றாகச் சூடேறியிருந்தது. அவள் நகரவில்லை. பாதிரியார் அங்கியின் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.