விரலை எடுக்கவிடாத கை

"பாட்டரி வயரே சொருகலயே தங்கச்சி. கரெண்டு இல்லாத நேரத்துல இது எப்படி ஓடும்? நீ எங்கயோ குழம்பிட்ட லா."

பக்கத்து ஊரான கூலாயில் கணினி பழுது பார்க்கும் ராஜு அண்ணன் என் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னது இது. அவர் கேலி செய்யவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் கோபம். நான் குழம்புகிற ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான், படித்தது கணினிப் பொறியியல். பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கும் அவற்றை நம்புவதாகச் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீடு ஜொகூரில் செடெனாக் பக்கம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை. சரஸ்வதி பூசையன்று அப்பா லாரிச் சாவியை வைப்பார், அம்மா கத்தரிக்கோலை வைப்பார், நான் புத்தகங்களை வைப்பேன். என் கடைசி வருடப் பூசையில் அம்மா கணினியையும் கேட்டார்.

"அம்மா, நாளைக்கு ராத்திரிக்குள்ள ப்ராஜெக்ட் அனுப்பணும். எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"காலைல எடுத்துக்க பாப்பா. ஒரு ராத்திரி சாமிகிட்ட இருந்தா தேய்ஞ்சா போயிரும்?"

"வச்சிடு லா," என்றார் அப்பா. "இல்லன்னா உங்கம்மா பொங்கச் சோத்த என் கண்ணுல காட்டமாட்டா."

எனக்கு ஒரு யோசனை வந்தது. பல வாரமாக அந்தக் கணினி ஃபர்ம்வேர் அப்டேட் செய்யச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது. திரையில் எதுவும் வருவதற்கு முன்பே கணினி படிக்கும் அடிப்படை நிரல் அது, அதைத்தான் புதுப்பிக்கச் சொல்கிறது. நான் தொடாமல் இருக்கிற நேரத்தில் அதுவே செய்துகொள்ளட்டும் என்று 'சரி'யை அழுத்தி, சார்ஜரோடு பூசையில் வைத்தேன். அம்மா ஓரத்தில் குங்குமம் வைத்து, மேலே மஞ்சள் அரிசி தூவினார்.

காலையில் கணினி செத்துக் கிடந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் லேசாகச் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். சுவரைப் பார்த்தேன், சுவிட்ச் அணைந்திருந்தது. விளக்கு எண்ணெய் பக்கத்தில் வயர் கிடக்கிறதே என்று அம்மா படுக்கப் போகும் முன் அணைத்திருக்கிறார். என் பாட்டரி பழசு, சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. புதுப்பித்தல் பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "என்னா, ஓடலயா?" என்று கேட்டார். "ஓடும்மா, நீங்க போங்க," என்றேன். அவருக்கு இன்றுவரை நான் அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்லவில்லை.

விரிவுரையாளருக்குச் செய்தி அனுப்பினேன். எல்லாரும் கடைசி நாளில் லேப்டாப் ரோசாக், பழுதாகிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள், அதற்கு யாரிடம் ஆதாரம் இருக்கிறது, நள்ளிரவோடு கதவு மூடும் என்று பதில் வந்தது. அனுப்பாவிட்டால் அந்த வருடம் பட்டம் இல்லை. பட்டமளிப்புக்கு உடுத்த அம்மா சேலையே எடுத்து வைத்துவிட்டார். இணையச் சேமிப்பு எப்போதோ நிரம்பிவிட்டது, நான்தான் அந்த அறிவிப்பை ஒவ்வொரு முறையும் மூடிவிட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறேன். ராஜு அண்ணனுக்குப் போன் போட்டால், பூசைக்கு ஊருக்குப் போயிருக்கிறேன், கடை இரண்டு நாள் கழித்துத்தான் என்றார்.

சரி, நான் படித்தது எதற்கு என்று நானே உட்கார்ந்தேன். கைப்பேசியில் அந்த நிரலைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். பாட்டரியைக் கழற்றி மாட்டிப் பார் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார், அடிமூடியைத் திறந்து அதையும் செய்தேன், அழுதுகொண்டே செய்தேன், திருகாணி ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது, தேடக்கூட இல்லை. பிறகு மீட்கும் வழி ஒன்றுதான் பாக்கி. பென்டிரைவைச் சொருகி, விண்டோஸ் பட்டனையும் பி எழுத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி கணினியைத் தட்டி எழுப்ப வேண்டும், அது எழும்வரை அந்த இரண்டிலிருந்தும் விரலை எடுக்கக் கூடாது. கேட்க எளிது. நான் செய்கிறேன், விசிறி சுற்றுகிறது, நிற்கிறது, திரை கருப்பு. மறுபடியும். மறுபடியும். மதியச் சோறு சாப்பிடவில்லை. அம்மா தொழிற்சாலையிலிருந்து, கூடுதல் வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்று சொன்னார். அப்பாவின் லாரி எந்தத் தோட்டத்தில் நின்றதோ. வீட்டில் நான் மட்டும்தான்.

சாயங்காலம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, செம்பனைக்கு மேலே வானம் கறுத்து, பட்டப்பகலே இருட்டாகிவிடும். இடி ஒன்று விழுந்ததும் கரெண்டு போனது. மேலே விசிறி நின்றது, எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு, உங்க வீட்லயும் இல்லயா என்று கேட்க ஆரம்பித்தார்கள், அந்தச் செய்திகள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இருந்தாலும் என் விரல்கள் அந்த இரண்டு பட்டனிலும்தான் இருந்தன. ஏன் என்று கேட்காதீர்கள், எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. வலது கையால் பொத்தானை அழுத்தினேன். கணினிக்குள் விசிறி சுற்றியது. பாட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்தேன். வழக்கம்போல மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தேன், திரை கருப்பு, தலையை மேசையில் கவிழ்த்து, விரலை எடுக்கப் போனேன்.

எடுக்க முடியவில்லை.

என் இடது கைமேல் ஒரு கை இருந்தது. சின்னக் கை. என் விரல்களை முழுதாக மூடக்கூட அதற்கு நீளம் போதவில்லை, இரண்டு விரலின் நுனியை மட்டும் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. அதன் உள்ளங்கைக்கும் என் தோலுக்கும் நடுவில் ஏதோ நறநறவென்று இருந்தது, ஈரக் கையில் அரிசி ஒட்டியிருந்தால் உறுத்துமே, அப்படி. நான் தலையைத் தூக்கவில்லை. பயத்தில் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடியாக இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அழக்கூட மறந்து அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, மழைச் சத்தம் ஒருமுறை ஓய்ந்து மறுபடியும் வலுத்தது.

பிறகு கணினி பீப் என்றது. கை இல்லை.

தலையைத் தூக்கினேன். அந்த இருட்டு வீட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது, மீட்பு நடக்கிறது, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதி, கீழே ஒரு கோடு மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. பழைய பாட்டரி இவ்வளவு தாங்குகிறதே என்று அப்போதும் ஒரு மூலையில் நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. கோடு நிரம்பி, அணைந்து, மறுபடி எழுந்து, என் கோப்புகள் வந்த பிறகுதான் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. கைப்பேசி இணையத்திலேயே ப்ராஜெக்டை அனுப்பினேன், கிடைத்தது என்று பதில் வந்தது.

அம்மா நனைந்துகொண்டு வந்தபோது கேட்காமலே, அந்தச் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பார், இல்லை திருநீறு பூசுவார் என்று நினைத்தேன். ஈரத் துண்டைக் கையில் வைத்தபடி நின்று, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கை சூடா இருந்துச்சா, சில்லுனு இருந்துச்சா?"

யோசித்தேன். "சூடாம்மா. காய்ச்சல்காரங்க கை மாதிரி."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தவறிப்போனது என்று தெரியும், ஆனால் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. புவனா. நாலு வயது. விஜயதசமிக்குக் கோவிலில் ஏடு தொடங்க, முதல் எழுத்து எழுதவைக்க, பெயர் கொடுத்து, புதுச் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்.

"நாங்கதான் படிக்கல, இவளாச்சும் படிக்கட்டும்னு இருந்தோம்," என்றார் அம்மா. "தட்டுல அரிசியக் கொட்டி, வெரலால கோடு போட்டுட்டே இருப்பா. அம்மா, எப்ப எழுதப் போறோம், எப்ப எழுதப் போறோம்னு. காய்ச்சல்லயும் அதேதான். விடியட்டும்டின்னேன்."

அந்தப் பிடி எது என்று அப்போது தெரிந்துவிட்டது. எனக்கு நாலு வயதில் கோவில் குருக்கள் தட்டு நிறைய அரிசியில் என் விரலைப் பிடித்து எழுதவைத்தார், நான் கையை இழுக்க இழுக்க, எழுத்து முடியும்வரை விடவில்லை. அதே பிடி. அன்று பின்னால் நின்று அம்மா ஏன் அப்படி அழுதார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சில நாள் கழித்து, பி பட்டன் மட்டும் எழும்பாமல் சிக்கிக்கொண்டது என்றுதான் ராஜு அண்ணனிடம் கொண்டுபோனேன். கரெண்டு போன நேரத்தில் அது ஓடியதையும் பேச்சோடு சொன்னேன். அதுவரை அதைச் சார்ஜரிலிருந்து பிடுங்கவே இல்லை. அப்போதுதான் அவர் மூடியைத் திறந்து, நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். அன்று அழுதுகொண்டே மாட்டியபோது நான் பாட்டரி வயரைச் சொருக மறந்திருக்கிறேன். சந்தேகமே வேண்டாம் என்று அவர் என் கண் முன்னாலேயே சார்ஜரைப் பிடுங்கிக் காட்டினார், கணினி அந்த நொடியே அணைந்தது. பி பட்டனுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் அரிசியை ஊசியால் எடுத்தார்.

"பூசையில தூவுனது லா. இதுக்குப் போயி," என்று சிரித்தார்.

இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவர் கீபோர்டையே மாற்றிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நான் இப்போது ஜொகூர் பாருவில் வேலை செய்கிறேன், அலுவலகத்தில் வேறு கணினி தந்திருக்கிறார்கள், அந்தப் பழையது என் அறையில் அணைந்துதான் கிடக்கிறது. எப்போதாவது மூடியைத் திறந்தால் புதுக் கீபோர்டில் அந்தப் பி பட்டன் தாழ்ந்திருக்கும். யாரோ விரலை வைத்துக் காத்திருப்பதுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல எழும்பும். உடன் தங்கியிருக்கிற தோழி, ஸ்பிரிங் சரியில்லை என்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை செடெனாக் போயிருந்தேன். விஜயதசமிக்கு ஏடு தொடங்குகிற பிள்ளைகளின் பெயரைக் கோவிலில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் சொல்லாமல் போய் வரிசையில் நின்றேன்.

"பிள்ள பேரு?" என்றார் எழுதிக்கொண்டிருந்த அக்கா.

"புவனா."

"வயசு?"

"நாலு."

"பிள்ளைய யார் மடியில உட்காரவைப்பீங்க? அம்மாவா, அப்பாவா?"

"என் மடியில," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.