மன அமைதி வகுப்பில் ஒரு குறட்டை

கொரோனா இரண்டாம் அலையின்போது ஓசூரில் ஒரு மருத்துவமனையின் கோவிட் வார்டில் நர்ஸாக இருந்தேன். வீட்டுக்குப் போகக்கூடாது என்று எங்களை ஒரு கல்லூரி விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். என் அறையில் திருநெல்வேலிப் பக்கத்து மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. சூளகிரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர் எங்கள் வார்டில் பதினோரு நாள் இருந்தார். மூச்சு வாங்க வாங்க, "சிஸ்டர், கம்பெனில லீவு சொல்லிட்டாங்களான்னு கேளுங்க" என்று தினமும் சொல்வார்.

"சொல்லியாச்சுங்கண்ணா" என்பேன். நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

ஒரு நாள் காலை டூட்டிக்குப் போனபோது அவர் இறந்துபோயிருந்தார்; அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். அதிலிருந்து தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இதற்கிடையே எங்கள் மனநலத்தைப் பற்றி மேலிடத்துக்குக் கவலை வந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு ஆன்லைனில் மன அமைதி வகுப்பு. கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஆறு மணி நேரம் கவச உடைக்குள் வெந்துவிட்டு வந்து, அக்காவின் போன் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம்.

இஸ்திரி போட்ட ஜிப்பாவில் பயிற்சியாளர் பளிச்சென்று இருந்தார். "கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார். நாள் முழுக்க நாங்கள் நோயாளிகளிடம் சொல்வதும் அதையேதான்.

"இவரு என்னட்டி, நம்ம வேலையப் பாக்காரு?" என்றார் அக்கா.

"இப்ப நீங்க ஒரு கடற்கரையில இருக்கீங்க" என்றார் பயிற்சியாளர். அடுத்த நிமிடமே அக்கா குறட்டை விட்டார். மைக் திறந்தே இருந்தது. "யாரோ மைக் ஆஃப் பண்ணாம இருக்கீங்க" என்ற குரல் கேட்டது. அணைக்கக் கை நீட்டியது வரை எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கம் கேட்டு வாட்ஸப்பில் செய்தி வந்திருந்தது. அக்கா உடனே ஒரு தாளில் எழுதினார்: "வகுப்பு மிகுந்த பலனளித்தது. இருவரும் மூன்று மணி நேரம் மன அமைதியுடன் இருந்தோம். தினமும் நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அந்த லீவு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

"நானா இருந்தாலும் சொல்லியாச்சுன்னுதான் சொல்லிருப்பேன்" என்றார் அக்கா. "மொதல்ல மூக்கச் சிந்து."

மறுநாள் கண்காணிப்பாளர் மேடத்திடம் தாளைக் கொடுத்தோம். முகம் மாறாமல் படித்தார்.

"குறட்டை விட்டது யாரு?"

"நாந்தான் மேடம்" என்றார் அக்கா.

"எனக்கு அப்படித் தூக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு" என்று தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை மேலே அனுப்பவில்லை. அடுத்த வகுப்பு நேரத்தில் நாங்கள் டூட்டியில் இருப்பதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, ரூமுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். போய்ப் படுத்தோம்.